மாமா அவசரமாக வைத்த பேனர்

நடுப்படுகை ஊருக்குள் நுழையும் இடத்தில், பஸ் நிற்கும் புளியமரத்துக்குப் பக்கத்தில், ஒரு பேனர் நின்றது.

அதன் முக்கால் பாகத்தில் இராஜாங்கம் மாமா இருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காதில் செல்போன். யாரோ மந்திரியோடு பேசுவது போன்ற முகம். உண்மையில் அந்தப் படம் எடுத்தபோது போனில் சார்ஜே இல்லை.

மீதிக் கால் பாகத்தில், ஒரு சின்ன வட்டத்துக்குள் பூவிழி இருந்தாள். ஆதார் அட்டைக்கு எடுத்த படம். தும்மல் வரப்போகிற முகம்.

நடுவில் கொட்டை எழுத்தில் இப்படி அச்சடித்திருந்தது:

"வான்சிகரம் பள்ளியில் இடம்பிடித்த வருங்காலக் கலெக்டர் பூவிழியே! வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்!"

அதைப் படித்துவிட்டுப் பூவிழி கேட்டாள். "மாமா, எனக்குப் பத்து வயசு. உங்களுக்கு நரைச்ச மீசை. வாழ்த்த உங்களுக்கு எப்படி வயசு இல்லாமப் போச்சு?"

"எல்லாப் பேனர்லயும் அப்படித்தாம்மா போடுவாங்க. போடலேன்னா அது பேனரே இல்ல" என்றார் மாமா.

இராஜாங்கம் மாமா, பூவிழியின் அம்மா அம்சத்துக்கு அண்ணன். ஊரின் முன்னாள் வார்டு உறுப்பினர். பேனர் அடிக்கும்போதெல்லாம் 'முன்னாள்' என்ற சொல்லை மட்டும் எறும்பு அளவுக்குப் போடச் சொல்வார்.

பேனரில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. ஒரே ஒரு சிக்கல்தான். அது வைக்கப்பட்ட நாளில், தேர்வு முடிவு இன்னும் வந்திருக்கவில்லை.

"முடிவு வரட்டுமேண்ணே" என்று அம்மா சொல்லத்தான் செய்தாள்.

"வைகாசி வந்துட்டா கல்யாணப் பேனருங்க வந்துடும் அம்சம். திருவையாத்துல பேனர் அடிக்கிற மெஷின் நமக்குக் கெடைக்காது. நம்ம புள்ள பாஸாகாம வேற யாரு பாஸாவா?" என்றார் மாமா.

வான்சிகரம், தஞ்சாவூர் புறவழிச்சாலையை ஒட்டி இருந்த பெரிய பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு அங்கே ஒரு தேர்வு வைப்பார்கள். தேறினால் படிப்பு, சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் இலவசம். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் எழுதுவார்கள். கைப்பிடி அளவுதான் எடுப்பார்கள்.

பூவிழிக்கு அந்தப் பள்ளியின் மேல் ஆசை வந்ததற்குக் கலெக்டர் வேலை காரணமில்லை. தேர்வு எழுதப் போன அன்று, ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தின் மாடி தெரிந்தது. அங்கே ஒரு தொலைநோக்கி நின்றது. பீரங்கி மாதிரி நீளமாக, வானத்தைப் பார்த்தபடி. அதன் வழியாக நிலாவைப் பார்த்தால் அதில் இருக்கும் பள்ளங்கள்கூடத் தெரியும் என்று பக்கத்தில் இருந்த பையன் சொன்னான்.

பூவிழி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தபோது அவள் தாளில் கடைசிப் பக்கம் காலியாக இருந்தது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பேனர் வந்த பிறகு, அந்தக் காலிப் பக்கம் அவளுக்கே மறந்துவிட்டது. போகிற வருகிறவர்கள் எல்லாம் "என்ன கலெக்டரம்மா" என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் மறக்காது? பால் ஊற்ற வருகிறவர்கூட, "கலெக்டர் வீட்டுக்கு நுரை தள்ளி ஊத்தணும்ல" என்றார்.

பூவிழியின் உயிர்த்தோழி லின்சி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பேனர் வைத்த மறுநாள், லின்சி நாலு நுங்கோடு வீட்டுக்கு வந்தாள்.

"லீவுக்கெல்லாம் ஊருக்கு வருவியாடி?" என்று கேட்டாள்.

"பாக்கணும்" என்றாள் பூவிழி. கலெக்டர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். "அங்க எனக்குப் புது ஃப்ரெண்ட்ஸ் இருப்பாங்கல்ல. நீ கீழத்தோப்பு ஸ்கூலுக்குத்தானே போவ? போ, போ. அதுவும் ஸ்கூல்தான்."

லின்சி எழுந்தாள். நுங்கை வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு வரவே இல்லை.

முடிவு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. மாமாதான் தன் போனில் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு போனைத் தொடையில் தட்டினார்.

"என்னவாம் மச்சான்?" என்றார் பூவிழியின் அப்பா ரெத்தினம்.

"தேர்வு செய்யப்படவில்லைன்னு போட்டிருக்கு. சர்வர் கோளாறு மாப்ளே."

மாமா வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தார். அங்கேயும் சர்வர் கோளாறாகத்தான் இருந்தது.

பூவிழி அழவில்லை. கொல்லைக்குப் போய் அடிபம்பில் தண்ணீர் அடித்து முகம் கழுவினாள். குடம் எதுவும் இல்லாமல் வெகுநேரம் அடித்துக்கொண்டே இருந்தாள். அந்தத் தொலைநோக்கியைப் பார்த்த நேரத்தில் மூன்று கணக்காவது போட்டிருக்கலாம். நிலாவைப் பார்க்க ஆசைப்பட்டு, நிலாவைப் பார்க்கும் வாய்ப்பையே விட்டுவிட்டாள். இந்தக் கணக்கு மட்டும் அவளுக்கு எத்தனை முறை போட்டாலும் சரியாக வந்தது.

அம்மா வந்து முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். "போவுது விடு. சாப்பிட வா" என்றாள்.

போகட்டும் என்று விட மாமா தயாராக இல்லை.

"பேனரை எறக்கினா ஊரு சிரிக்கும். யாரும் எதுவும் மூச்சு விடக் கூடாது. ரெண்டாவது லிஸ்ட் வரப்போவுதுன்னு சொல்லி வைப்போம்."

"வருமா மாமா?" என்றாள் பூவிழி.

"வராது. சொல்லி வைப்போம்னுதானே சொன்னேன்?"

"அப்புறம்?"

"அப்புறம் நல்ல பேரா உள்ள ஒரு ஸ்கூல்ல சேத்துட்டு, 'வான்சிகரம் பள்ளியில்'னு இருக்குற எடத்துல மட்டும் அந்தப் பேரை ஸ்டிக்கரா ஒட்டிடலாம். பேனரும் வீணாவாது, மானமும் போவாது."

அன்றிலிருந்து பூவிழிக்குப் பள்ளிக்கூடம் தேடும் வேலை தொடங்கியது. தஞ்சாவூர்ப் பக்கம் யாரும் இப்படிப் பள்ளிக்கூடம் தேடியிருக்க மாட்டார்கள். மாமா ஏணி போட்டு ஏறி, பேனரில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய இடத்தை டேப் வைத்து அளந்தார். எளிதாகக் கழற்றி மாட்டுவதற்காக, கம்பியை எடுத்துவிட்டு நாலு மூலையிலும் கயிற்றில் உருவு முடிச்சுப் போட்டார்.

முதலில் வந்தது மஞ்சள் வேன் பள்ளி. கேட்டவர்களுக்கெல்லாம் இடம் தருவார்கள். கேட்காதவர்களுக்கும் வீடு தேடி வந்து தருவார்கள். அதன் பெயர் லிட்டில் கேம்பிரிட்ஜ் பிரைட் ஃபியூச்சர் மெட்ரிக் பள்ளி.

மாமா ஏணியில் நின்று அளந்து பார்த்தார். "பிரைட் வரைக்கும்தான் எடம் இருக்கு. ஃபியூச்சர் என் சட்டை மேல ஏறுது. மெட்ரிக் போனு மேல போயிடும்."

"எழுத்தைச் சின்னதாப் போடலாமே மாமா, 'முன்னாள்' மாதிரி" என்றாள் பூவிழி.

மாமா ஏணியிலிருந்து முறைத்தார்.

அடுத்தது மன்னார்குடியில் ஒரு விடுதிப் பள்ளி. பெயர் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால், கட்டணத்தைக் கேட்டதும் அப்பா எழுந்து, உழவு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். மாடு அப்போதுதான் குடித்து முடித்திருந்தது.

மூன்றாவது யோசனை, ஐந்தாம் வகுப்பையே இன்னொரு தடவை படித்துவிட்டு மறுபடி தேர்வு எழுதுவது. ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியை தங்கமணி டீச்சர் அதைக் கேட்டுச் சிரித்தார். "அஞ்சாவதுல பாஸான புள்ளய மறுபடி அஞ்சாவதுல வைக்கச் சொல்றீங்களே, அவ என்ன தப்புப் பண்ணினா?" என்றார்.

மிச்சம் இருந்தது கீழத்தோப்பு அரசு உயர்நிலைப் பள்ளி. பக்கத்து ஊர். வாய்க்கால் கரையிலேயே நடந்து போய்விடலாம்.

"அதையும் அளந்து பாருங்களேன் மாமா."

மாமா வேண்டாவெறுப்பாக அளந்தார். 'அரசு உயர்நிலைப் பள்ளியில்' என்பது அந்த இடத்தில் ஒரு விரல்கூடக் கூடாமல் குறையாமல் உட்கார்ந்தது.

"அளவு சரியா இருக்கு மாமா!"

"அளவு சரியா இருந்தா போதுமா? கௌரவம் வேணாமா? கவர்மென்ட் ஸ்கூல்ல சேந்ததுக்கு எவனாவது பேனர் வப்பானா?" என்று சொல்லிவிட்டு மாமா ஏணியை மடக்கினார். மாமா படித்ததே அந்தப் பள்ளியில்தான். அதுவும் 'முன்னாள்' கணக்கில் போய்விட்டது.

இதற்கிடையில் பூவிழிதான் மாட்டிக்கொண்டாள். பஸ் ஏறப் போனால் கேட்டார்கள். கடைக்குப் போனால் கேட்டார்கள்.

"எப்ப போற கலெக்டரு?"

"ரெண்டாவது லிஸ்ட் வரணும்."

முதல் தடவை சொன்னபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. அடுத்தடுத்த தடவைகளில் சரளமாக வந்தது. அப்படிச் சரளமாக வருவதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பேனர் இருக்கும் சாலையை விட்டுவிட்டு, கடைக்குக்கூட வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினாள்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம், அப்படித்தான் கரை வழியாக வந்துகொண்டிருந்தாள். மேற்கே வானம் திடீரென்று கறுத்தது. காற்று மண்ணை வாரி அடித்தது.

கரைக்குக் கீழே, சாலையோரம், நெல் கொள்முதல் நிலையத்தின் களம். கோடை நெல் அறுவடை முடிந்த நேரம். முறை வருவதற்காகப் பலரும் அங்கே நெல்லைக் குவித்து வைத்திருந்தார்கள். அவரவர் அவரவர் குவியலைத் தார்ப்பாயால் மூட ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு குவியலின் தார்ப்பாய் மட்டும் நடுவில் கிழிந்து, காற்றில் படபடவென்று அடித்தது. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவர் லின்சியின் அப்பா பெரியநாயகசாமி. இன்னொரு முனையில் லின்சி தொங்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது நிக்காதுப்பா! இன்னொரு பாய் கேளுங்க!"

"யாருகிட்ட கேக்குறது? எல்லாருக்கும் அவங்கவங்க நெல்லு இருக்குல்ல!"

குத்தகை நிலத்து நெல். நனைந்தால் ஈரப்பதம் ஏறிவிடும், எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காய வைப்பதற்குள் முளைத்துவிடும். இது அந்த ஊரில் நடக்கத் தெரிந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

பூவிழி நிமிர்ந்து பார்த்தாள். களத்துக்கு எதிரே, புளியமரத்துக்குப் பக்கத்தில், பேனரில் மாமா செல்போனோடு சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் புகாத, கிழியாத, புத்தம்புதிய பெரிய மாமா.

பேனர் இறங்கினால் நாளைக்கு ஊரே ஏன் என்று கேட்கும். சொல்லியாக வேண்டும்.

முதல் சொட்டு அவள் மூக்கில் விழுந்தது. அவள் கரையிலிருந்து குதித்து ஓடினாள்.

"லின்சி! ஓடி வாடி! கயித்தைப் புடி!"

லின்சி ஒரு கணம்தான் தயங்கினாள். பிறகு ஓடி வந்தாள். கீழ் முடிச்சுகளை இருவரும் உருவினார்கள். மேல் முடிச்சுகளுக்கு லின்சி குனிய, பூவிழி அவள் தோளில் ஏறினாள். மாமா போட்ட உருவு முடிச்சுகள், தொங்கிய நுனியை இழுத்ததுமே ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. பேனர் மொத்தமாக இருவர் தலையிலும் விழுந்தது.

"ஐயோ, உங்க மாமா கழுத்தை நெரிக்கிறாருடி!"

"இழுடி!"

பெரியநாயகசாமி பாதி வழியில் வந்து வாங்கிக்கொண்டார். மூவருமாகக் குவியலின் மேல் பேனரை விரித்தார்கள். ஓரங்களில் செங்கல் வைத்தார்கள். செங்கல் போதாத மூலைகளில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பூவிழி மாமாவின் செல்போன் மேல். லின்சி 'வருங்காலக் கலெக்டர்' மேல்.

மழை கொட்டித் தீர்த்தது. இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். பற்கள் தாளம் போட்டன.

"லின்சி."

"ம்."

"எனக்கு அங்க எடம் கெடைக்கலடி."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"உங்க மாமா தெனமும் ஏணி போட்டு 'வான்சிகரம்' மேல டேப்பை வச்சு அளக்குறாரு. ஊருக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் எல்லாரும் எப்ப போற, எப்ப போறன்னு கேட்டாங்க?"

"நீ என்ன சொல்றன்னு பாக்கத்தான்."

பூவிழி கால் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு நீ நுங்கு கொண்டாந்தப்ப நான் பேசுனது..."

"அதை விடு."

"ரொம்பத் திமிராப் பேசுனேன்ல?"

"ரொம்ப" என்றாள் லின்சி. பிறகு, "நாலு நுங்கையும் நீயே தின்னியா?" என்று கேட்டாள்.

"ரெண்டு. அப்புறம் தொண்டைல எறங்கல."

"அந்த அளவுக்காவது மனசு உறுத்துச்சே" என்றாள் லின்சி. பூவிழிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மழையில் அது யாருக்கும் தெரியவில்லை. லின்சிக்குத் தெரிந்திருக்கலாம். அவள் பூவிழி பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் இராஜாங்கம் மாமா பஸ்ஸுக்கு வந்தார். பேனர் இருந்த இடத்தில் வெறும் கம்புகள் நின்றன. பதறிப்போய் எதிரே பார்த்தார். களத்தில் நெற்குவியலின் மேல் அவரே படுத்திருந்தார். குவியல் மேடாக இருந்ததால் கன்னம் இரண்டும் அம்மைக்கட்டு வந்ததுபோல உப்பியிருந்தன. மூக்கின் மேல் ஒரு காகம் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எவன்டா என் பேனரை..." என்று அவர் தொடங்குவதற்குள் பெரியநாயகசாமி வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்கணும் நீங்க. உங்க பேனரு மட்டும் இல்லேன்னா என் நெல்லு மொத்தமும் போயிருக்கும்."

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள், பூவிழியும் லின்சியும்கூட. மாமாவின் வாய் பாதியில் நின்றது. மூடியது. மறுபடி திறந்தபோது வேறு குரல் வந்தது.

"பின்னே? நாம எதுக்குப் பேனர் வைக்கிறோம்? நாலு பேருக்கு உதவத்தானே! அதுக்குன்னே கெட்டித் துணியாப் போடச் சொன்னேன்."

கொள்முதல் நிலைய எழுத்தர் குவியலருகே வந்தார். பேனரை விலக்கி, கையை விட்டு நெல்லை அள்ளிப் பார்த்தார். காய்ந்த நெல் விரலிடுக்கில் சலசலவென்று வழிந்தது. அவர் பேனரில் இருந்ததைத் தலையைச் சாய்த்துப் படித்தார்.

"அது யாருப்பா, வருங்காலக் கலெக்டர்?"

எல்லாரும் பூவிழியைப் பார்த்தார்கள். மாமா வேகமாக, "ரெண்டாவது லிஸ்ட்..." என்று தொடங்கினார்.

"நான்தான் சார்" என்றாள் பூவிழி. "எனக்கு அங்க எடம் கெடைக்கல. ரெண்டாவது லிஸ்ட்டும் கெடையாது. நான் கீழத்தோப்பு ஸ்கூல்ல சேரப்போறேன்."

யாரும் சிரிக்கவில்லை. காகம் மட்டும் மாமாவின் மூக்கைவிட்டுப் பறந்தது.

"கீழத்தோப்பா? நான் அங்கதான் படிச்சேன்" என்றார் எழுத்தர். "சயின்ஸ் ரூம் பீரோல ஒரு மைக்ராஸ்கோப் இருக்கும். நாங்க கெடுத்துடுவோம்னு கடைசி வரைக்கும் தொறக்கவே இல்ல. இன்னும் இருக்கான்னு பாரு."

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. தோழிகள் இருவரும் வாய்க்கால் கரையில் நடந்து போனார்கள். கீழத்தோப்புப் பள்ளியில் மாடி இல்லை. ஜன்னல் வழியே பார்த்தால் ஒரு எருமை தெரிந்தது. அது எந்த நேரமும் அங்கேயேதான் நின்றது.

தொலைநோக்கி நினைவு பூவிழியைவிட்டுப் போகவில்லை. வளர்பிறை நாட்களில் நிலாவைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலிப் பக்கம் மனசுக்குள் திறந்துகொள்ளும். ஆனால், அவள் அதை இப்போது லின்சியிடம் சொல்லியிருந்தாள். சொன்ன பிறகு அது கொஞ்சம் லேசாக இருந்தது.

அறிவியல் ஆசிரியர் ஜெக்கரியா சாரிடம் அவள் முதல் நாளே கேட்டாள்.

"சார், பீரோவுல மைக்ராஸ்கோப் இருக்காமே?"

"யாரு சொன்னா? இருக்கு. சாவிதான் எங்கன்னு தெரியல."

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். சார் வராந்தாவில் அவளைப் பார்த்தாலே வேறு பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தார். கடைசியில் ஒரு நாள், தாங்க முடியாமல், பூட்டுத் திறப்பவரையே கூட்டிவந்துவிட்டார்.

பீரோவுக்குள் பல்லி முட்டைகள், பழைய வரைபடங்கள். அவற்றுக்குப் பின்னால் துணி சுற்றிய மைக்ராஸ்கோப். கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தது. சார் அதைத் துடைத்து ஜன்னல் ஓரம் வைத்தார்.

"எதைப் பாக்கலாம்?" என்றார்.

லின்சி தன் பையைக் கவிழ்த்து உதறினாள். அதன் மூலையிலிருந்து ஒரு நெல்மணி விழுந்தது.

பூவிழி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். முதலில் மங்கலாக இருந்தது. சார் திருகைத் திருப்பினார். மெல்ல மெல்லத் தெளிந்தது. மேடும் பள்ளமுமாக, வரி வரியாக, பொன்னிறத்தில் ஒரு பெரிய நிலப்பரப்பு. குறுக்கே அந்தக் கீறல், ஆறு மாதிரி ஓடியது.

நிலாவும் இப்படித்தான் இருக்குமோ? தெரியவில்லை. அவள் அதைப் பார்க்கவில்லை. இதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போதும் தள்ளுடி, கலெக்டரு" என்று லின்சி முழங்கையால் இடித்தாள். "அது எங்க வீட்டு நெல்லு!"